ஆஷ்லி பிரையனின் வண்ணங்கள்: மகிழ்ச்சியா, மறைப்பா?

நெய்தல் வாசகன் (இழையைத் தொடங்கியவர்)

1962 முதல் 1964 வரையிலான மூன்று ஆண்டுகளில் அமெரிக்காவின் 63 பதிப்பகங்கள் வெளியிட்ட 5,206 சிறுவர் நூல்களை நான்சி லாரிக் என்னும் கல்வியாளர் ஆராய்ந்தார். அவற்றுள் 349 நூல்களில் மட்டுமே, அதாவது நூற்றுக்கு ஏழுக்கும் குறைவானவற்றில், எழுத்திலோ படத்திலோ கறுப்பினத்தவர் ஒருவரேனும் தென்பட்டார். 1965இல் வெளியான அக்கட்டுரை அமெரிக்கச் சிறுவர் பதிப்புத் துறையில் பெரிய அதிர்வை ஏற்படுத்தியது. அதே பத்தாண்டில், நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் இருந்த ஓர் ஓவியரின் பட்டறைக்கு அத்தீனியம் பதிப்பகத்தின் ஆசிரியர் ஜீன் கார்ல் வந்து, அவருடைய ஓவியங்களைப் பார்த்துவிட்டுப் போனார். அந்த ஓவியர்தான் ஆஷ்லி பிரையன். அவருடைய முதல் நாட்டுப்புறக் கதைத் தொகுப்பு 1971இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 48ஐ நெருங்கியிருந்தது.

1923 ஜூலை 13 அன்று ஹார்லெமில் பிறந்து பிராங்க்ஸில் வளர்ந்தவர் அவர். பெற்றோர் ஆன்டிகுவாத் தீவிலிருந்து குடியேறியவர்கள். தந்தை வாழ்த்து அட்டைகள் அச்சிடும் தொழிலில் இருந்தார். பறவை வளர்ப்பதில் தீராத விருப்பம் கொண்டவர். தாய் தையல் வேலை செய்வார், நாள் முழுவதும் பாடிக்கொண்டிருப்பார். பெரும் பொருளாதார மந்தம் நிலவிய காலத்தில், அரசின் வேலைத் திட்டத்தின்கீழ் நடத்தப்பட்ட இலவச ஓவிய, இசை வகுப்புகளுக்குப் பிள்ளைகளை அனுப்பி வைத்தார்கள். மழலையர் வகுப்பில் அகரவரிசை எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் வரைந்து, தாள்களைச் சேர்த்துத் தைத்தபோது, "இந்த நூலின் ஆசிரியரும் ஓவியரும் கட்டுநரும் நீதான், வீட்டுக்குக் கொண்டுபோனால் விநியோகிப்பவரும் நீதான்" என்ற பொருள்படத் தம் ஆசிரியை சொன்னதாக அவர் வாழ்நாள் முழுவதும் மேடைகளில் கூறிவந்தார். வீட்டில் அந்த நூலுக்குக் கிடைத்த பாராட்டே தம்மை அடுத்தடுத்த நூல்களைச் செய்ய வைத்தது என்பதும் அவர் கூற்றே.

உயர்நிலைப் பள்ளி முடித்துக் கலைக்கல்லூரி உதவித்தொகைக்கு அவர் விண்ணப்பித்தபோது, அவருடைய படைப்புகளே வந்தவற்றுள் சிறந்தவை என்று ஒப்புக்கொண்ட ஒரு நிறுவனம், கறுப்பின மாணவருக்கு உதவித்தொகை கொடுப்பது வீண் என்று சொல்லித் திருப்பி அனுப்பியது. பள்ளி ஆசிரியர்கள் அவரை நியூயார்க்கின் கூப்பர் யூனியன் கல்லூரியின் கலைத் தேர்வுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே அப்போது மாணவர் தம் படைப்பை ஒரு தட்டில் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். தேர்வாளர்கள் படைப்பை மட்டுமே பார்ப்பார்கள், படைத்தவரைப் பார்க்க மாட்டார்கள். அன்று கல்விக் கட்டணமும் இல்லை. 1940இல், 17 வயதில், அவர் அங்கே சேர்ந்தார்.

அவருடைய நூல்களை வரிசையாகப் படித்து முடித்தபின் எனக்கு ஒரு கேள்வி மிஞ்சியது. இவ்வளவு ஒதுக்கலையும், பின்னர் இரண்டாம் உலகப் போரையும் கண்டவரின் பக்கங்கள் ஏன் இப்படிப் பளபளக்கின்றன? வானவில்லின் எல்லா நிறங்களையும் ஒரே தாளில் கொட்டிவிடும் துணிவு அவருக்கு எங்கிருந்து வந்தது? அது தெரிந்தே எடுத்த முடிவு என்றுதான் நான் நினைக்கிறேன். நண்பர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

---

வண்ணக்கோல்

நல்ல தொடக்கம், நெய்தல் வாசகன். ஆனால் "பளபளப்பு" என்ற ஒரே சொல்லில் அவருடைய எல்லா நூல்களையும் அடக்க முடியாது என்பதை ஓவியம் பயின்றவள் என்ற முறையில் சொல்ல வேண்டியிருக்கிறது.

தொடக்க கால நூல்களை எடுத்துக்கொள்ளுங்கள். அற்புதக் கொம்புகள் கொண்ட எருதைப் பற்றிய 1971ஆம் ஆண்டுத் தொகுப்பிலும், நைஜீரியக் கதைகளைக் கொண்ட 1980ஆம் ஆண்டின் 'பீட் த ஸ்டோரி டிரம், பம் பம்' நூலிலும் சிவப்பு, கருப்பு, மஞ்சட்காவி போன்ற சில நிறங்களே ஆட்சி செய்கின்றன. தூரிகையால் தீட்டியவைதான் அவை. எனினும் மரக்கட்டையில் செதுக்கி அச்செடுத்தது போன்ற இறுக்கமான கோடுகள் அவற்றில் உண்டு. நிறங்களைத் தனித்தனியாகப் பிரித்து அச்சிட வேண்டியிருந்த அக்காலத்தில் ஒவ்வொரு கூடுதல் நிறமும் கூடுதல் செலவு. அந்தக் கட்டுப்பாட்டை அவர் குறையாகக் கருதாமல், ஆப்பிரிக்கச் சிற்பங்களிலும் துணிகளிலும் காணும் வடிவங்களை நினைவூட்டும் ஒரு நடையாக மாற்றிக்கொண்டார். இரண்டாவதாகச் சொன்ன நூலுக்குத்தான் 1981இல், கறுப்பினப் படைப்பாளிகளின் சிறுவர் நூல்களுக்கென வழங்கப்படும் கொரெட்டா ஸ்காட் கிங் விருது, ஓவியத்துக்காகக் கிடைத்தது.

1974இல் வந்த 'வாக் டுகெதர் சில்ட்ரன்' இன்னும் கண்டிப்பானது. அடிமைகளாக இருந்த மக்கள் பாடிய பக்திப் பாடல்கள் உலகமெங்கும் பாடப்பட்டும், அவற்றைக் குழந்தைகளுக்கென்று அழகாகத் தொகுத்த நூல் எதுவும் நூலக அலமாரிகளில் இல்லாததைக் கண்டு அவர் செய்த நூல் அது. லினோலியத் தகட்டில் படத்தையும் பாட்டையும் இசைக்குறிகளையும் சேர்த்தே செதுக்கிக் கருப்பு வெள்ளையில் அச்செடுத்தார். ஐரோப்பாவின் பழைய சமய நூல்கள் கட்டை அச்சில் எப்படி வந்தனவோ, அந்த மதிப்பை இந்தப் பாடல்களுக்கும் தர வேண்டும் என்பது அவர் நோக்கம். லினோலியத்தில் செதுக்கும்போது எல்லாவற்றையும் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். ஒரு சுரக்குறி தவறினால் தகடே வீண். ஒரே ஒரு தகட்டில் நான்கு வரி இசைக்குறி செதுக்கிப் பார்த்தவர்களுக்கு அந்தப் பொறுமையின் அளவு புரியும்.

வண்ணத்தாள் வெட்டி ஒட்டும் முறை பிறகுதான் வருகிறது: 2003இல் 'பியூட்டிஃபுல் பிளாக்பேர்ட்', 2007இல் 'லெட் இட் ஷைன்'. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பயன்படுத்தும் சாதாரண வண்ணத்தாள்தான். வெட்டிய கத்தரிக்கோல் அவருடைய தாய் தையலுக்குப் பயன்படுத்தியது. அந்தக் கத்தரிக்கோலின் உருவத்தையே நூலின் உட்தாளில் பதித்திருக்கிறார். இவ்விரண்டு நூல்களுக்கும் அதே விருது 2004இலும் 2008இலும் கிடைத்தது.

ஆகவே அந்தப் பளபளப்பு, எண்பதை எட்டியபோது அவர் கைக்கு வந்து சேர்ந்த ஒன்று. பிறவியிலேயே உற்சாகமான ஓவியர் என்று சொல்லிவிட்டால் முதல் முப்பது ஆண்டு உழைப்பு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

---

மறுகரை

இருவரும் எழுதியதைப் படித்தேன். பிரையனின் கைத்திறனில் எனக்கு ஐயம் இல்லை. என் தயக்கம் வேறு இடத்தில் இருக்கிறது.

அதே தலைமுறையில் இன்னொரு கறுப்பின ஓவியர் இருந்தார். டாம் ஃபீலிங்ஸ், 1933இல் புரூக்ளினில் பிறந்தவர். 1960களின் நடுவில் கானாவுக்குச் சென்று அங்கே பணியாற்றித் திரும்பியவர். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை ஏற்றிவந்த கப்பல்களின் அட்லாண்டிக் கடற்பயணத்தை அவர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வரைந்து, 1995இல் 'த மிடில் பாசேஜ்' என்ற நூலாக வெளியிட்டார். அந்நூலின் படக்கதையில் ஒரு சொல்கூட இல்லை. நிறமும் இல்லை, கருப்பு, வெள்ளை, இடையில் சாம்பல் மட்டுமே. கப்பலின் அடித்தளத்தில் அடுக்கப்பட்ட உடல்களைப் பார்த்தபின் அந்தப் பக்கத்தை எளிதில் புரட்ட முடியாது. வரலாறு எவ்வளவு கொடியதாக இருந்ததோ அவ்வளவு கொடியதாகவே அதைக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்த ஒருவரின் நூல் அது.

இதற்குப் பக்கத்தில் பிரையனின் பறவைகளை வைத்துப் பாருங்கள். எல்லாம் ஆடுகின்றன, எல்லாம் பாடுகின்றன. வெள்ளையர் வீட்டுப் பெற்றோரும் தயக்கமின்றி வாங்கிப் பிள்ளைக்குக் கொடுக்கலாம். அந்த எளிதான ஏற்புதான் என்னை யோசிக்க வைக்கிறது. வலியைக் காட்டாத கலைஞரை உலகம் கொண்டாடுவது புதிதல்ல. பிரையன் வேண்டுமென்றே மறைத்தார் என்று நான் குற்றம் சாட்டவில்லை. ஆனால் "தெரிந்தே எடுத்த முடிவு" என்று நெய்தல் வாசகன் சொல்வதற்குச் சான்று வேண்டும். முடிவு என்றால், எதற்கு எதிராக எடுத்த முடிவு?

---

நெய்தல் வாசகன்

நியாயமான கேள்வி. விடை போரில் இருக்கிறது என்று கருதுகிறேன்.

கூப்பர் யூனியனில் படித்துக்கொண்டிருந்தபோதே, 19 வயதில், பிரையன் கட்டாய ராணுவப் பணிக்கு எடுக்கப்பட்டார். அமெரிக்க ராணுவம் அப்போது இனவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தது. கறுப்பின வீரர்களில் பெரும்பாலோர் சுமை தூக்கவும் சாலை போடவும் சமைக்கவும் அமர்த்தப்பட்டனர். பிரையன் சேர்க்கப்பட்டது 502ஆம் துறைமுகப் படைப்பிரிவில். கப்பலில் சரக்கு ஏற்றுவது, இறக்குவது, பாரந்தூக்கி இயந்திரத்தை ஓட்டுவது அப்பிரிவின் வேலை. முதலில் பாஸ்டன் துறைமுகம், பிறகு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ. கிளாஸ்கோவில் இருந்தபோது மேலதிகாரியின் அனுமதி பெற்று அங்கிருந்த கலைப்பள்ளிக்குப் போய் வந்தார் என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. அதன்பின் பிரான்சின் நார்மண்டியில் உள்ள ஒமாஹா கடற்கரை.

1944 ஜூனில் ஜெர்மனியை எதிர்த்து நேச நாட்டுப் படைகள் அந்தக் கடற்கரையில் இறங்கியபோது என்ன நடந்தது என்பது அனைவரும் அறிந்ததே. முதல் அலையில் இறங்கியவர்களின் உடல்களுக்கிடையே, கண்ணிவெடிகள் அகற்றப்பட்டும் அகற்றப்படாமலும் இருந்த மணலில், பின்னால் வந்த சரக்கையெல்லாம் இறக்கியவர்கள் இந்தத் துறைமுகப் படையினர்தான். போர்த் திரைப்படங்களில் இவர்களைக் காண்பது அரிது. பிரையன் தம் நச்சுவாயு முகமூடிப் பையில் தாளும் பென்சிலும் வைத்திருந்தார். ஓய்வு கிடைத்தபோதெல்லாம் உடனிருந்தவர்களை வரைந்தார்: சீட்டாடுபவர்கள், தூங்குபவர்கள், களைத்து உட்கார்ந்திருப்பவர்கள். போரைத் தாங்க முடிந்தது அந்தக் கோடுகளால்தான் என்று பின்னாளில் சொன்னார்.

திரும்பி வந்து கூப்பர் யூனியனில் படிப்பை முடித்தவர், அடுத்துப் படித்தது ஓவியம் அல்ல; கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தத்துவம். மனிதன் ஏன் போரைத் தேர்கிறான் என்று புரிந்துகொள்ள விரும்பியே அப்பாடத்தை எடுத்தார். விடை கிடைக்கவில்லை போலும். பிறகு பிரான்சுக்குப் போய் மீண்டும் தூரிகையைப் பிடித்தார். 1950இல், ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியை எதிர்த்துப் பொது மேடையில் வாசிப்பதையே நிறுத்தியிருந்த செல்லோ மேதை பாப்லோ காசல்ஸ், பிராட் என்னும் பிரெஞ்சுச் சிற்றூரில், ஜெர்மானிய இசைமேதை பாக்கின் நினைவு இசைவிழாவில் மீண்டும் வாசித்தார். பிரையன் ஒத்திகைகளில் உட்கார்ந்து காசல்ஸையும் மற்ற இசைஞர்களையும் வரைந்தார். தம் கைக்குரிய தாளம் அங்கேதான் அகப்பட்டது என்பது அவர் வாக்குமூலம்.

போர்க் காலத்து ஓவியங்கள் இழுப்பறைகளில் பல பத்தாண்டுகள் கிடந்தன. போரைப் பற்றி அவர் நெடுங்காலம் வெளிப்படையாகப் பேசவில்லை. அந்த ஓவியங்களையும், போர்முனையிலிருந்து கல்லூரித் தோழி ஒருவருக்கு எழுதிய கடிதங்களையும் சேர்த்து 'இன்ஃபினிட் ஹோப்' என்ற நூலாக வெளியிட்டது 2019இல். அப்போது அவருக்கு வயது 96. ஒருவர் ஒமாஹாவைப் பார்த்துவிட்டு வந்து, அதைச் சொல்லாமல், ஐம்பது ஆண்டுகள் மலர்த்தோட்டங்களையும் பறவைகளையும் பாட்டியின் நடனத்தையும் வரைகிறார். மறுகரை கேட்ட "எதற்கு எதிராக" என்பதற்கு என் விடை இதுவே. கொடுமையை அறியாதவர் வரையும் பூவும், அறிந்தவர் வரையும் பூவும் தாளில் ஒன்றுபோல் தோன்றலாம். ஆனால் பிரையனின் பூவில் ஒரு பிடிவாதம் இருக்கிறது; அதை நான் மறைப்பு என்று படிக்க மாட்டேன்.

---

கதைமூலம்

போர், வண்ணம் என்று பேச்சு போவது சரியே. எனினும் பிரையனின் பெரும்பகுதி உழைப்பு எழுத்தில் இருந்தது என்பதை யாரும் தொடவில்லை. நாட்டுப்புறக் கதைகளை ஆராய்பவனுக்கு அதுதான் முதன்மையாகப் படுகிறது.

அவர் மறுபடி சொன்ன ஆப்பிரிக்கக் கதைகள் எங்கிருந்து வந்தன? பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மதபோதகர்களும் காலனி அதிகாரிகளும் இனவரைவியலாளர்களும் பதிவு செய்த தொகுப்புகளிலிருந்து வந்தவை. அத்தொகுப்புகளைப் புரட்டியவர்களுக்குத் தெரியும்: கதை அங்கே எலும்புக்கூடாகக் கிடக்கும். பன்றி வந்தது, ஆமை சொன்னது, இருவரும் போனார்கள், முடிந்தது. கதை சொன்னவரின் குரல் ஏற்ற இறக்கம், கேட்பவர் கூட்டாகத் திருப்பிச் சொன்ன பல்லவி, கைத்தட்டல், மிமிக்ரி எதுவும் இராது. பதிவு செய்தவருக்கு மொழியைக் கற்பதும் இலக்கணம் எழுதுவதுமே குறி. கதை அதற்கு எடுத்துக்காட்டு.

தமக்கு வந்த கதைகளின் நடை பிடிக்காத பிரையனை, அவர் நடையிலேயே எழுதச் சொன்னவர் ஜீன் கார்ல். பிரையன் கண்ட வழி கவிதை. பால் லாரன்ஸ் டன்பார், லாங்ஸ்டன் ஹியூஸ், குவெண்டலின் புரூக்ஸ் ஆகிய கறுப்பினக் கவிஞர்களின் கவிதைகளை வாய்விட்டுப் படித்துப் பழகி, அந்த ஓசையை உரைநடைக்குள் கொண்டுவந்தார். அவர் வாக்கியங்களில் எதுகை திடீரென்று எட்டிப் பார்க்கும்; ஒலிக்குறிப்புச் சொற்கள் அடுக்கி வரும்; ஒரே தொடர் மூன்று முறை திரும்ப வந்து ஒவ்வொரு முறையும் சற்று நீளும். மௌனமாகப் படித்தால் மிகையாகத் தோன்றும் இடங்கள், வாய்விட்டுப் படிக்கும்போது சரியாக உட்காருகின்றன. மேடையில் அவர் ஹியூஸின் ஒரு சிறு கவிதையோடு தொடங்குவார். ஒரு வரியை அவர் சொல்ல, அவையினர் அதே குரலில் திருப்பிச் சொல்ல வேண்டும். அவையில் நூலகர்கள் இருந்தாலும் நான்கு வயதுப் பிள்ளைகள் இருந்தாலும் விடமாட்டார். இணையத்தில் ஒளிப்பதிவுகள் கிடைக்கின்றன, பாருங்கள்.

இதில் ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். நியூயார்க்கில் பிறந்து, ஆன்டிகுவாப் பெற்றோரிடம் வளர்ந்த ஒருவர், நைஜீரியாவின் ஹவுசா மக்கள் கதையையும் ஜாம்பியாவின் ஈலா மக்கள் கதையையும் ஒரே குரலில் சொல்லலாமா? ஒவ்வொரு மக்களுக்கும் தனிக் கதைமரபு உண்டு. பிரையனின் நடையில் அந்த வேறுபாடுகள் ஓரளவு கரைந்துவிடுகின்றன என்பது என் கருத்து. ஆனால் எங்கிருந்து எடுத்தார், எந்த மக்களின் கதை என்பதை நூலிலேயே குறிப்பிட்டுவிடுகிறார். அக்காலத்தில் பலர் "ஆப்பிரிக்கக் கதை" என்று மட்டும் எழுதிவிட்டு நகர்ந்தார்கள். தவிர, மூதாதையர் எந்த ஊர், எந்த மொழி என்பதையே பறிகொடுத்த ஒரு சமூகத்தின் பிள்ளை, நூலகத்து ஏடுகளின் வழியாக ஒரு கண்டத்தையே உரிமை கொண்டாடுவதை நாம் கறாராக அளப்பது சரியா என்றும் தோன்றுகிறது.

அவர் குடும்பத்துக்கே நெருக்கமானது 1977இல் வந்த 'த டான்சிங் கிரானி'. ஆன்டிகுவாவிலிருந்து பிராங்க்ஸுக்கு வந்த அவருடைய பாட்டி, எழுபது வயதைக் கடந்தும், கொள்ளுப் பேரப்பிள்ளைகளிடம் புதிய நடன அடிகளைக் கற்றுக்கொண்டு அவர்களையே விஞ்சி ஆடினாராம். நாட்டுப்புறக் கதைகளின் தந்திரக்காரச் சிலந்தி அனன்சி, பாட்டியை ஆடவைத்தே தோட்டத்தைக் கொள்ளையடிக்கும் கதைக்குள் அந்தப் பாட்டியைக் கொண்டுபோய் வைத்தார். அதில் ஒரே வீச்சில் இழுத்த தூரிகைக் கோடுகள்தான், நிறமே இல்லை. வண்ணக்கோல் சொன்னதற்கு இதுவும் சான்று.

---

ஏட்டுக்காரி

மறுகரையின் கேள்விக்குப் போரைவிட நேரடியான விடை ஒரு நூலில் இருக்கிறது. 2016இல், 93 வயதில், பிரையன் வெளியிட்ட 'ஃப்ரீடம் ஓவர் மீ'. பழைய ஆவணங்களோடு பணிபுரிபவள் என்பதால் அதைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

1820களிலிருந்து 1860கள் வரையிலான, அடிமை முறை தொடர்பான ஆவணங்களின் தொகுப்பு ஒன்று பிரையனின் கைக்கு வந்தது. அவற்றுள் ஒன்று 1828 ஜூலை 5 தேதியிட்ட, ஃபேர்சைல்ட்ஸ் என்னும் பண்ணை உரிமையாளரின் சொத்து மதிப்பீட்டுப் பட்டியல். மாடுகள், பன்றிகள், பருத்தி, இவற்றோடு ஒரே பட்டியலில் 11 மனிதர்கள். ஆளுக்கு ஒரு பெயர், பெயருக்கு எதிரே ஒரு விலை. வயதுகூடக் குறிப்பிடப்படவில்லை. எஜமானர் போட்ட பெயர் என்பதால் பெயரும் அவர்களுடையதாக இருந்திருக்காது.

இப்படிப்பட்ட பட்டியலை வைத்துக்கொண்டு வரலாற்றாசிரியர் செய்யக்கூடியது மிகக் குறைவு. பிரையன் கற்பனையின் உரிமையை எடுத்துக்கொண்டார். ஒவ்வொருவருக்கும் ஒரு வயதும் ஒரு முகமும் ஒரு தொழிலும் கொடுத்தார். பெக்கி சமையற்காரி, மூலிகை அறிந்தவள். ஸ்டீஃபன் தச்சன். ஜேன் தையற்காரி. ஒவ்வொருவருக்கும் இரண்டு கவிதைகள்: முதலாவதில் பண்ணையில் தாம் செய்யும் வேலையைச் சொல்கிறார்கள், இரண்டாவதில் எஜமானர் அறியாத தம் உள்மனத்தை, கனவைச் சொல்கிறார்கள். முதல் கவிதைக்கு எதிரே உள்ள முகத்தின் பின்னணியில் அந்த ஆவணங்களின் கையெழுத்தே ஒட்டுப்படமாக வருகிறது. முகம், விலைச்சீட்டின் நடுவிலிருந்து நம்மைப் பார்க்கிறது. பக்கத்தைத் திருப்பினால் கனவு. அங்கேதான் பிரையனின் வண்ணங்கள் அத்தனையும் வருகின்றன.

மறுகரை கவனிக்க வேண்டியது இந்த அமைப்பைத்தான். அடிமை வாழ்வை அவர் மறைக்கவில்லை. சாட்டையையும் சங்கிலியையும் முன்னால் நிறுத்தவில்லை, அவ்வளவே. அவர் முன்னால் நிறுத்துவது அறிவையும் திறமையையும்: இந்தக் கணக்குப்பிள்ளை ஒரு எண்ணாக எழுதிய மனிதர், அந்த வீட்டையே கட்டியவர், அந்த வீட்டாரின் உடைகளைத் தைத்தவர், அவர்கள் நோயைத் தீர்த்தவர். பண்ணை இவர்களுடைய கைத்திறனால் மட்டுமே நடந்தது. அப்படியும் அவர்களே விற்பனைக்கு. கொடுமையின் அளவு எனக்கு இந்த முறையில் இன்னும் கூர்மையாகத் தெரிந்தது.

நூலுக்கு 2017இல் நியூபெரி சிறப்பு மதிப்பு கிடைத்தது. அது எழுத்துக்கான விருது என்பதைக் கவனியுங்கள். படநூல்களுக்கான கால்டெகாட் அவருக்கு ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. அதற்குக் காரணம் தேடுவதை விருதுக் குழுக்களின் வரலாற்றை ஆராய்பவர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

---

தென்றல்முற்றம்

இடையே ஒரு சிறு கேள்வி. பிரையனின் முதல் படநூல் தாகூரின் கவிதைகளுக்கு வரைந்தது என்று எங்கோ படித்த நினைவு. சரிதானா?

---

நெய்தல் வாசகன்

சரிதான். 1967இல் அத்தீனியம் வெளியிட்ட, ரிச்சர்ட் லூயிஸ் தொகுத்த தாகூர் கவிதை நூல். நிலவை நோக்கிக் கேட்கும் ஒரு கேள்விதான் அதன் தலைப்பு. ஆப்பிரிக்கக் கதைகளுக்கு முன்பே ஒரு வங்கக் கவிஞருக்காக அவர் வரைந்தார் என்பது நம் பக்கத்து வாசகர்களுக்கு மகிழ்ச்சியான செய்தி. கவிதையிலிருந்தே படநூலுக்குள் வந்தவர் என்பதால் கதைமூலம் சொன்ன ஓசை விவகாரமும் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

---

மறுகரை

ஏட்டுக்காரி அம்மாவின் விளக்கம் என்னை அசைத்தது. இடம் முழுவதும் மாற்றவில்லை. 'ஃப்ரீடம் ஓவர் மீ' வலிமையான நூல் என்பதை ஏற்கிறேன். ஆனால் அது 93 வயதில் வந்தது. போர் நூல் 96 வயதில் வந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு அதற்கு முந்தைய நாற்பது ஆண்டு நூல்களைப் பின்னோக்கி விளக்குகிறோமோ என்ற ஐயம் எனக்கு இருக்கிறது. 1985இல் ஒரு தாய் 'த கேட்ஸ் பர்' நூலை வாங்கித் தன் பிள்ளைக்குப் படித்தபோது ஒமாஹாவும் விலைப்பட்டியலும் அவளுக்குத் தெரியாது. அவள் கையில் இருந்தது ஒரு பூனைக்கதை மட்டுமே. அந்தப் பக்கத்தில் இல்லாத ஒன்றை ஆசிரியரின் வாழ்க்கையிலிருந்து எடுத்து அங்கே நாம் ஊற்றக்கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் 1980களில் டார்ட்மத் கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, மேய்ன் மாநிலத்தின் லிட்டில் கிரான்பெரித் தீவில் நிரந்தரமாகக் குடியேறினார். படகில் மட்டுமே போகக்கூடிய, பெரும்பாலும் வெள்ளை மீனவக் குடும்பங்கள் வாழும் ஊர். கரையில் ஒதுங்கிய எலும்பு, கிளிஞ்சல், மரத்துண்டு, வலைக்கயிறு ஆகியவற்றால் பொம்மைகள் செய்தார். அலைகள் தேய்த்த கண்ணாடிச் சில்லுகளைக் காகிதக் கூழால் இணைத்து, இயேசுவின் வாழ்வைக் காட்டும் சாளரங்கள் செய்தார். அழகான வாழ்க்கை, மறுப்பில்லை. ஆனால் 1960களின் போராட்ட நெருப்பிலிருந்து வந்த மற்றக் கறுப்பினக் கலைஞர்களோடு ஒப்பிடும்போது இது ஒதுங்கிய வாழ்க்கை இல்லையா?

---

பலகைப்பாடம்

தொடக்கப்பள்ளியில் கற்பிக்கும் எனக்கு, ஒதுங்கினாரா இல்லையா என்ற கேள்வி தீவின் முகவரியில் முடிந்துவிடுவதில்லை. அந்தத் தீவின் சின்னஞ்சிறு பள்ளிக்கே ஆஷ்லி பிரையன் பள்ளி என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். தம் நிறத்தவர் எவரும் அக்கம்பக்கத்தில் இல்லாத ஊரில், மீனவர்களின் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அவருடைய வீட்டு மேசையில் உட்கார்ந்து பொம்மை செய்யக் கற்றார்கள், அவர் வாயால் கறுப்பினக் கவிஞர்களின் கவிதைகளைக் கேட்டார்கள். அதையும் ஒரு வகைப் பணி என்று எண்ணக் கூடாதா?

மறுகரை ஐயா சொன்ன பூனைக்கதைத் தாயைப் பற்றி: பக்கத்தில் உள்ளதை மட்டும் வைத்துப் பேசலாம் என்றால், 'பியூட்டிஃபுல் பிளாக்பேர்ட்' நூலையே எடுத்துக்கொள்வோம். இது ஜாம்பியாவின் ஈலா மொழி பேசும் மக்களின் கதை. முன்னொரு காலத்தில் பறவைகளுக்கெல்லாம் ஒற்றை நிறம்தான். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று ஒவ்வொன்றும் ஒரே நிறமாக இருந்தன. கரும்பறவையே எல்லாவற்றிலும் அழகு என்று அவை வாக்களிக்கின்றன. மணிப்புறா கேட்டுக்கொண்டதால், கரும்பறவை தன் சுரைக்குடுவையில் மை கலக்கி, முதலில் அதன் கழுத்தில் ஒரு வளையம் தீட்டுகிறது. பிறகு ஒவ்வொரு பறவைக்கும் புள்ளியோ கோடோ தீட்டிக் கொடுக்கிறது. வெளியே தீட்டிய நிறத்தால் நீ நானாகிவிட மாட்டாய், நீ நீயாகவே இருப்பாய் என்றும் சொல்லிவிடுகிறது. இதைச் சத்தமாகப் படிக்கும்போது, தன் தோலின் கருமையைக் குறித்து ஏற்கெனவே ஏதோ ஒரு கேலியைக் கேட்டுவிட்ட பிள்ளை எப்படி நிமிர்ந்து உட்காரும் என்பதை அறிய ஆசிரியரின் வாழ்க்கை வரலாறு தேவையில்லை. விஷயம் பக்கத்திலேயே இருக்கிறது.

'ஃப்ரீடம் ஓவர் மீ' எந்த வயதுக்கு என்று கேட்பவர்களுக்கு: எட்டு ஒன்பது வயதுக்குக் கீழே நான் தர மாட்டேன். தந்தால் உடன் உட்கார்ந்து, நாளுக்கு ஒரு மனிதர் என்று படிக்க வேண்டும். பதினொரு பேரையும் ஒரே மூச்சில் படிக்கச் செய்தால், பிள்ளைக்கு மறுபடியும் அது ஒரு பட்டியலாகிவிடும்.

---

வண்ணக்கோல்

பலகைப்பாடம் சொன்ன நூலில் ஓவியம் சார்ந்த ஒரு குறிப்பு. ஏரிக்கரையில் எல்லாப் பறவைகளும் வட்டமாக ஆடும் இரட்டைப் பக்கத்தை உற்றுப் பாருங்கள். சிறகுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்களில் நிழலே கிடையாது. ஒவ்வொரு தாளும் தன் முழு நிறத்தோடு பக்கத்துத் தாளை முட்டி நிற்கிறது. சாயம் கலந்து தணிக்கும் வசதி வெட்டுத்தாளில் இல்லை. அதனால் கருமைத் துண்டு வந்து அமரும்போதுதான் மற்ற நிறங்களுக்கு எல்லை பிறக்கிறது. கதை சொல்வதைத் தாளே செய்துவிடுகிறது. மறுகரை இதைப் பார்த்துவிட்டு மறுபடி எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

---

மறுகரை

பார்த்தேன். அந்தப் பக்கத்தைப் பொறுத்தவரை உங்கள் பக்கம் சாய்கிறேன். ஆனால் டாம் ஃபீலிங்ஸை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒரு பிள்ளையின் அலமாரியில் இருவரும் இருக்க வேண்டும், எவரை எந்த வயதில் என்பதே கேள்வி.

---

கதைமூலம்

அந்தக் கேள்வியைத் தனி இழையாகவே தொடங்கலாம். இங்கே ஒரு தகவலை மட்டும் சேர்க்கிறேன். பிரையன் 2022 பிப்ரவரி 4 அன்று, 98 வயதில், டெக்சாஸில் காலமானார். அவருடைய ஓவியங்கள், கையெழுத்துப் படிகள், கடிதங்கள் அடங்கிய காப்பகம் 2019இலேயே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கதைகளின் முதல் வரைவுகளை அங்கே பார்க்க முடிந்தால், மதபோதகரின் வறண்ட பத்தி எந்தப் படியில் பாட்டாக மாறியது என்று வரிவரியாகக் காட்டலாம். ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் மாணவர் யாரேனும் இதைப் படித்தால் எனக்குத் தனிமடல் அனுப்புங்கள். அவர் பயன்படுத்திய பழைய தொகுப்புகளில் சிலவற்றின் வருடல் படிகள் என்னிடம் உள்ளன.